வீழ்படிவைக் கண்டால் மட்டும் போதுமா?

கேள்வி: உப்பு ஒன்றில் குளோரைடு அயனி இருக்கிறதா என்று கண்டறிய, சில்வர் நைட்ரேட்டுக்கு முன்பு நீர்த்த நைட்ரிக் அமிலத்தைச் சேர்க்கச் சொல்கிறார்கள். அமிலம் இல்லாமலேயே வெண்மையான வீழ்படிவு (கரைசலிலிருந்து பிரிந்து படியும் திடப்பொருள்) வந்துவிடுகிறதே, பிறகு அது எதற்கு? கையில் வேறு அமிலம் இருந்தால் அதைச் சேர்க்கலாமா?

பதில்: அமிலம் இல்லாமலும் வீழ்படிவு வருகிறது என்பதுதான் அமிலத்தைச் சேர்ப்பதற்கே காரணம். சில்வர் அயனி குளோரைடோடு மட்டும் வீழ்படிவாவதில்லை. கார்பனேட்டோடும் பாஸ்பேட்டோடும் கூட வீழ்படிவாகும். சில்வர் கார்பனேட் வெளிர்மஞ்சள் கலந்த வெண்மையாக இருப்பதால், அவசரத்தில் பார்ப்பவர் அதைக் குளோரைடு என்றே எழுதிவிடுவார். நீர்த்த நைட்ரிக் அமிலம் கார்பனேட்டைச் சிதைத்துக் கார்பன் டை ஆக்சைடாக வெளியேற்றிவிடுகிறது. சில்வர் பாஸ்பேட்டையும் வீழ்படிவாக விடுவதில்லை. சில்வர் குளோரைடோ அந்த அமிலத்தில் கரையாது. ஆகவே, நுரைத்துப் பொங்குவது முற்றிலும் நிற்கும் வரை அமிலத்தைச் சேர்த்து, அதன் பிறகே சில்வர் நைட்ரேட்டை விட வேண்டும்.

வேறு அமிலம் கூடாது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தால் நாம் தேடும் குளோரைடை நாமே குழாய்க்குள் கொண்டுவந்து சேர்த்தவர்களாவோம். கந்தக அமிலத்தைச் சேர்த்தால், குறைந்த அளவே கரையக்கூடிய சில்வர் சல்பேட் வெண்மையாகப் படிந்து குழப்பலாம். குழாய்த் தண்ணீரிலும் பெரும்பாலும் குளோரைடு இருக்கும் என்பதால், உப்பைக் கரைப்பதற்கும் குழாயைக் கழுவுவதற்கும் வாலை வடிநீரையே பயன்படுத்த வேண்டும்.

தயிர் திரிந்தாற்போன்ற வெண்மையான வீழ்படிவு வந்ததும் சோதனை முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். நீர்த்த அம்மோனியாக் கரைசலைச் சேர்த்துக் குலுக்கினால் சில்வர் குளோரைடு, சில்வர் அயனியோடு அம்மோனியா பிணைந்த அணைவுச் சேர்மமாக மாறி முழுவதும் கரைந்துவிடும். வெளிர்மஞ்சளான சில்வர் புரோமைடு நீர்த்த அம்மோனியாவில் மிகக் குறைவாகவும் அடர் அம்மோனியாவில் நன்றாகவும் கரையும்; மஞ்சளான சில்வர் அயோடைடு இரண்டிலும் கரையாது. அம்மோனியாவில் கரைந்த குளோரைடுக் கரைசலில் நைட்ரிக் அமிலத்தை மிகுதியாகச் சேர்த்தால் அதே வெண்மை மீண்டும் தோன்றும், அதையே நான் உறுதியான சான்றாகக் கொள்வேன். அம்மோனியா கலந்த சில்வர் கரைசலை நாள்கணக்கில் வைத்தால் வெடிக்கக்கூடிய பொருள் உருவாகலாம். எனவே சோதனை முடிந்த கையோடு அதை அமிலமாக்கி அப்புறப்படுத்துவது கட்டாயம்.

கேள்வி: எனக்குக் கொடுத்த கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்தேன், எந்த வீழ்படிவும் வரவில்லை. ஆனால், அதில் அலுமினியம் இருந்ததாகப் பிறகு தெரிந்தது. எங்கே தவறியது?

பதில்: சோடியம் ஹைட்ராக்சைடை ஒரேயடியாக ஊற்றியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. அலுமினியம் ஹைட்ராக்சைடு ஈரியல்புத் தன்மை உடையது. அமிலத்திலும் கரையும், மிகுதியான காரத்திலும் கரையும். சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கியிருந்தால், முதல் சில சொட்டுகளிலேயே கூழ் போன்ற வெண்மையான வீழ்படிவு தோன்றியிருக்கும்; மேலும் விட விட அது மறைவதையும் கண்டிருப்பீர்கள். தோன்றுவதும் மறைவதும் சேர்ந்ததுதான் இந்தச் சோதனையின் விடை. ஊற்றியான பிறகும் வழி உண்டு: நீர்த்த அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தால் அந்த வெண்மை திரும்ப வரும், அமிலமும் மிகுந்துவிட்டால் மறுபடி கரைந்துபோகும்.

இத்தோடு அலுமினியம் என்று முடிவுகட்டவும் முடியாது. துத்தநாகமும் ஈயமும் இதேபோல் வெண்மையாக வீழ்படிவாகி, மிகுதியான சோடியம் ஹைட்ராக்சைடில் கரையும். மக்னீசியத்தின் வீழ்படிவு மட்டும் கரையாமல் நிற்கும். ஆகவே, புதிதாக ஒரு பங்கு கரைசலை எடுத்து அம்மோனியாக் கரைசலைச் சேர்க்க வேண்டும். மிகுதியான அம்மோனியாவில் துத்தநாக ஹைட்ராக்சைடு கரையும். மற்ற இரண்டும் கரையா. எஞ்சிய இரண்டில் ஈயத்தைப் பிரித்தறியப் பொட்டாசியம் அயோடைடு போதும். பளிச்சென்ற மஞ்சள் வீழ்படிவு தோன்றினால் ஈயம். அதில் சிறிதளவை நீரோடு கொதிக்கவைத்தால் நிறமற்ற கரைசலாகி, ஆறும்போது பொன்னிறத் தகடுகளாக மின்னியபடி மெல்ல இறங்கும். பொறுமையாக ஆறவிட்டுப் பார்க்க வேண்டிய சோதனை அது.

கேள்வி: உப்பில் அமிலத்தைச் சேர்த்ததும் வரும் வாயுவால் சுண்ணாம்பு நீர் பால் போல் மாறினால் கார்பனேட் என்று உறுதியாகச் சொல்லலாமா?

பதில்: சொல்ல இயலாது. சல்பைட் உப்பில் அமிலம் பட்டு வெளியேறும் கந்தக டை ஆக்சைடும் தெளிந்த சுண்ணாம்பு நீரைப் பால் போல் மாற்றும். எரியும் கந்தகத்தின் நெடி வந்தால், அமிலம் கலந்த பொட்டாசியம் டைகுரோமேட்டில் நனைத்த தாளை வாயுவில் காட்டுங்கள். ஆரஞ்சு நிறம் பச்சையானால் சல்பைட் இருக்கிறது. கார்பனேட்டும் சல்பைட்டும் சேர்ந்திருக்கலாம் என்று ஐயம் எழுந்தால், வாயுவை முதலில் அந்த டைகுரோமேட் கரைசல் வழியாகவும் அதன் பிறகு சுண்ணாம்பு நீர் வழியாகவும் செலுத்த வேண்டும்; அப்போதும் சுண்ணாம்பு நீர் பால் போல் மாறினால் கார்பனேட்டும் இருக்கிறது.

கேள்வி: இரும்பு உப்பில் பச்சையாக வந்த வீழ்படிவு சிறிது நேரத்தில் பழுப்பாகிவிட்டது. ஃபெரஸ் (Fe²⁺) என்று எழுதுவதா, ஃபெரிக் (Fe³⁺) என்று எழுதுவதா?

பதில்: காரத்தைச் சேர்த்த அந்த நொடியில் தெரிந்த நிறத்தையே எழுதுங்கள்: அது ஃபெரஸ். பச்சையான ஃபெரஸ் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள ஆக்சிஜனால் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. குழாயைக் கூர்ந்து பார்த்தால், காற்று படும் மேற்பரப்பில் பழுப்பு தொடங்கிக் கீழ்நோக்கிப் பரவுவது தெரியும். பழைய ஃபெரஸ் சல்பேட் கரைசலில் சிறிதளவு ஃபெரிக் எப்படியும் சேர்ந்திருக்கும் என்பதால், ஃபெரிக்கைச் சிவப்பாகக் காட்டும் தயோசயனேட்டில் இலேசான சிவப்பு தெரிந்தாலும் ஃபெரஸ் இல்லை என்று பொருளாகாது. பொட்டாசியம் ஃபெரிசயனைடு சேர்த்து, ஃபெரஸைக் காட்டும் அடர்நீல வீழ்படிவு வருகிறதா என்றும் பாருங்கள். நைட்ரேட்டுக்கான பழுப்பு வளையச் சோதனைக்கு ஃபெரஸ் சல்பேட்டை அவ்வப்போது புதிதாகக் கரைத்துக்கொள்ளச் சொல்வதும் இதனால்தான்.

கேள்வி: சுடர் சோதனையில் எந்த உப்பை வைத்தாலும் மஞ்சளாகவே எரிகிறதே?

பதில்: அது சோடியத்தின் நிறம். கம்பியில் விரல் பட்டாலே போதும், ஒட்டிக்கொள்ளும் சோடியத்தின் மஞ்சள் மற்ற நிறங்களை விழுங்கிவிடும். பொட்டாசியத்தின் ஊதா நிறத்தைக் கோபால்ட் நீலக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், மஞ்சள் வடிக்கப்பட்டு ஊதா தெரியும். மற்ற உப்புகளுக்கு, பிளாட்டினக் கம்பியை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்துச் சுடரில் காட்டுவதைத் திரும்பத் திரும்பச் செய்து, வெறும் கம்பி எந்த நிறமும் தராத நிலை வந்த பிறகே உப்பைத் தொட வேண்டும்.