சிங்கப்பூரில் மரம் நடும் நாள் ஏன் நவம்பரில் வருகிறது?

காரணம் மழைதான். வடகிழக்குப் பருவமழை நெருங்கும் நேரம் என்பதால், நட்ட கன்றுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. நட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டாலும் கன்று பிழைத்துக்கொள்ளும்!

மரம் நடும் இயக்கம் இந்த நாள் வருவதற்கு முன்பே, 1963 ஜூனில், ஆரம்பமாகிவிட்டது. ஃபேரர் சர்க்கஸ் என்ற சாலைச் சந்திப்பில் அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ ஒரு மெம்பாட் மரக்கன்றை நட்டார். ஆண்டுதோறும் ஒரு நாள் என்ற வழக்கம் 1971 நவம்பரில்தான் வந்தது. அப்போது தற்காலிகப் பிரதமராக இருந்த கோ கெங் சுவீ, ஃபேபர் மலையில் தூங்குமூஞ்சி மரக்கன்றை நட்டுத் தொடங்கிவைத்தார். அப்புறம் 1990இல் தூய்மை, பசுமை வாரம் வந்தது. மரம் நடுவதும் அதற்குள் சேர்ந்துகொண்டது.