வேலை எங்கே நிற்கிறது? தொழில் கேள்வி-பதில்

டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் நான்கிற்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

சிறிய நவீன அரிசி ஆலை நடத்துகிறேன். பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். மணிக்கு 2 டன் நெல் அரைக்கும் மெஷின், எட்டு மணி நேரத்தில் 16 டன் அரைக்க வேண்டும். ஆனால் 11 டன்னைத் தாண்டுவதில்லை. மதியத்துக்கு மேல் ஆட்கள் ஓய்ந்துவிடுகிறார்கள். கூலியை ஏற்றிப் பார்த்தும் மாற்றம் இல்லை.
– வாசகர், மன்னார்குடி

5 டன் குறைகிறது என்றால் மெஷின் இரண்டரை மணி நேரம் சும்மா நின்றிருக்கிறது, அல்லது நாள் முழுக்க மெதுவாக ஓடியிருக்கிறது. இரண்டில் எது என்று தெரியாமல் கூலியை ஏற்றினாலும் பலன் இல்லை, ஆட்களைத் திட்டினாலும் பலன் இல்லை.

நெல்லின் உமியை உரிக்கும் ஷெல்லர் பக்கத்தில் ஒரு நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். நின்ற நேரம், மறுபடி ஓடிய நேரம், காரணம் என்று மூன்றே கட்டம் போதும். காரணம் ஒரே வார்த்தையில் இருக்கட்டும்: கரண்ட், எலிவேட்டர் (நெல்லை மேலே ஏற்றும் கருவி) அடைப்பு, ஈர நெல், சாக்கு இல்லை, ஆள் இல்லை. ஆபரேட்டரே எழுதட்டும். இதை வைத்து யார் கூலியிலும் கை வைக்கமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் 'கரண்ட்' என்றே எழுதி வைப்பார்கள். இரண்டு வாரம் கழித்துக் காரணவாரியாக நிமிடங்களைக் கூட்டிப் பாருங்கள்.

நின்ற நேரம் குறைவு என்று தெரிந்தால், அடுத்து ஷெல்லரில் உள்ள ரப்பர் ரோலரைக் கவனியுங்கள். இரண்டு ரோலரும் எதிரெதிராக, வெவ்வேறு வேகத்தில் சுற்றுவதால்தான் உமி உரிகிறது. வேகமாகச் சுற்றும் ரோலர் சீக்கிரம் தேயும். தேயத் தேய இரண்டுக்கும் உள்ள வேக வித்தியாசம் குறைந்துபோகும். உரியாத நெல், அரிசியையும் நெல்லையும் பிரிக்கும் செபரேட்டரிலிருந்து திரும்பத் திரும்ப ஷெல்லருக்கே வரும். ஆபரேட்டர் வேறு வழியில்லாமல் ஃபீடை, அதாவது உள்ளே விடும் நெல்லின் அளவைக் குறைப்பார். தள்ளி நின்று பார்க்கிறவருக்கு ஆள் மந்தம் என்றுதான் தோன்றும். இரண்டு ரோலரையும் அவ்வப்போது இடம் மாற்றிப் போடுங்கள், ஒரு ஜோடி புது ரோலர் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். புழுங்கல் நெல்லின் ஈரம் 14 சதவீதத்தை ஒட்டி வந்த பிறகே அரவைக்கு அனுப்புங்கள். ஈரம் கூடினால் பாலிஷரில் அப்பிக்கொள்ளும், அதிகம் காய்ந்தால் குருணை விழும். ஈரம் பார்க்கும் மீட்டர் ஆபீஸ் மேஜையில் இருந்து பயனில்லை, ட்ரையர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மதியச் சோர்வுக்குக் காரணம் பெரும்பாலும் வெக்கைதான். தகரக்கூரை, பாய்லர் ஆவி, அதோடு நம் பகுதியின் புழுக்கம். காற்றில் ஈரம் கூடினால் வேர்வை ஆவியாகாது, உடம்பும் குளிராது. தண்ணீர் ஊற்றும் ஏர்கூலர் அந்த ஈரத்தை இன்னும் கூட்டும், அதில் பணத்தைப் போடாதீர்கள். சூடான காற்று கூரை உச்சி வழியாக வெளியேற வழி செய்யுங்கள், மூட்டை தைக்கும் இடத்தில் ஆள் மேல் படும்படி ஃபேன் வையுங்கள். 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது சுமார் 200 மில்லி தண்ணீர் குடிக்க வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. பானை குடோனுக்கு அந்தப் பக்கம் இருந்தால் யாரும் எழுந்து போகமாட்டார்கள், தையல் மெஷினிலிருந்து நாலு எட்டில் இருக்கட்டும். இடையில் உப்புப் போட்ட நீர்மோர் கொடுங்கள். 40 கிலோ மூட்டை ஏற்றும் வேலையைக் காலை பத்து மணிக்குள்ளும் மாலை நான்குக்கு மேலும் வையுங்கள்.

புதிதாக வெக்கையில் இறங்குகிறவருக்கு முதல் நாள் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்கு போதும், பிறகு தினமும் ஒரு பங்கு கூட்டுங்கள். சித்திரை வெயிலில் முதல் நாளே முழு லோடு தூக்கச் சொன்னால் மறுநாள் வரமாட்டார். பேச்சுக் குழறினாலோ தடுமாறினாலோ அது சாதாரணக் களைப்பு அல்ல. நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

மதியம் கண்ணயர விடலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். சென்னையில் கணினியில் தரவு பதிவுசெய்யும் வேலையில் 452 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2021-ல் வெளியானது. வீட்டில் இரவுத் தூக்கம் அரைமணி நேரம்போலக் கூடியும் வேலையில் முன்னேற்றம் இல்லை. வேலையிடத்தில் மதியம் போட்ட குட்டித் தூக்கத்துக்குப் பிறகு வேலைத்திறன் கூடியது. ஆனால் தூங்கிய நேரத்தையும் கணக்கில் சேர்த்தால், இடைவிடாமல் உழைத்தவர்களைவிடச் சம்பாத்தியம் குறைவு. எனவே கூடுதல் நேரம் ஒதுக்கவேண்டியதில்லை, இருக்கிற சாப்பாட்டு நேரத்திலேயே படுக்க நிழலும் பாயும் கொடுங்கள்.

குத்துவிளக்குப் பட்டறையில் பீஸ் ரேட், அதாவது எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கிறோம். வேகம் கூடியது, ஆனால் கடைக்காரர்கள் திருப்பி அனுப்பும் விளக்குகளும் கூடிவிட்டன. அனுபவமுள்ள பெரியவர்களே தவறு விடுகிறார்கள்.
– வாசகர், நாச்சியார்கோவில்

பெரியவர்கள் என்கிறீர்கள். முதலில் அவர்கள் கண்ணைச் சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். நாற்பதைத் தாண்டினால் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது எல்லோருக்கும் உள்ளது. பட்டறையில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், கை குறைந்துவிட்டது என்று ஆகிவிடுமே என்ற பயம். அசாமில் 40 வயதைக் கடந்த 751 தேயிலைத் தொழிலாளர்களை வைத்து நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க உதவும் கண்ணாடி பெற்றவர்களின் உற்பத்தி, பெறாதவர்களைவிட 21.7 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தருவது வேறு எதுவும் எங்களுக்குத் தெரிந்து இல்லை.

அடுத்தது வெளிச்சம். பல்பு தலைக்குப் பின்னால் இருந்தால் வேலை செய்பவரின் நிழலே விளக்கின் மேல் விழும். நேர் மேலே இருந்தால் பித்தளை பளிச்சிட்டுக் கீறலை மறைக்கும். இடது பக்கத்திலிருந்து சாய்வாக வெளிச்சம் விழட்டும், அரத்தின் தடம் அப்போதுதான் தெரியும். பழைய குண்டு பல்பை மாற்றி எல்இடி போட்டால் முகத்துக்கு நேரே அடிக்கும் சூடும் குறையும்.

கூலி விஷயத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். செய்த எண்ணிக்கைக்குக் கொடுக்காமல், சோதித்துத் தேறிய எண்ணிக்கைக்குக் கொடுங்கள். ஆனால் தவறு யாருடையது என்று பிரித்துப் பார்க்காமல் இதைச் செய்தால் அநியாயமாகிவிடும். மெருகு போடும்போது தெரியும் ஊசித்துளை, வார்ப்பு மண்ணில் ஈரம் நின்றதால் வந்தது. மெருகு போட்டவர் அதற்குப் பொறுப்பில்லை. பாதமும் தண்டும் மரை சரியாகப் பொருந்தாமல் ஆடினால் அது கடைசல் வேலையின் குறை. ஒவ்வொரு கட்டத்திலும் அடுத்தவர் கைக்குப் போகும் முன்பே பார்த்துவிடுங்கள்.

ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை. காலை ஒன்பதரையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறோம். உட்கார்ந்தால் சோம்பேறித்தனம் என்கிறார்கள். மாலையில் கூட்டம் வரும்போது கால் கெஞ்சுகிறது.
– வாசகி, கும்பகோணம்

உட்காருவது உங்கள் உரிமை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் 22-ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, ஊழியர்கள் அனைவருக்கும் இருக்கை வசதி கட்டாயமாக்கப்பட்டது. முதலில் நான்கைந்து பேராகச் சேர்ந்து மேலாளரிடம் கேளுங்கள். பலிக்காவிட்டால் தொழிலாளர் துறை ஆய்வாளர் அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள்.

கடை நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வியாபாரம் சூடுபிடிப்பது மாலை ஆறு மணிக்கு மேல். அந்த நேரத்தில் ஊழியரின் கால் எட்டு மணி நேரம் நின்று வீங்கியிருந்தால் பத்தாவது புடவையை விரிக்க மனம் வராது. கவுன்டருக்குப் பின்னால் ஸ்டூலும், நிற்கும்போது மாற்றி மாற்றிக் கால் வைக்கச் சாண் உயரத்துக்குக் குறைவான பலகையும் வையுங்கள். கழிவறைக்குப் போகத் தடை போடாதீர்கள். போகமுடியாது என்று தண்ணீரே குடிக்காமல் இருந்து, சிறுநீர்த் தொற்று வந்து லீவு எடுக்கிறார்கள்.

முப்பது பெண்கள் வேலை செய்யும் தையல் யூனிட். தை, மாசியில் பாதிப் பேர் வருவதில்லை. வருபவர்களும் மாதக் கடைசியில் கவனமில்லாமல் தைக்கிறார்கள்.
– வாசகர், திருத்துறைப்பூண்டி

சம்பா அறுவடை சமயத்தில் நெல் காயப்போடவும், கொள்முதல் நிலையத்தில் குவித்த நெல்லுக்குக் காவல் இருக்கவும் வீட்டில் ஆள் வேண்டும். வருகை போனஸ் அதற்கு ஈடாகாது. மார்கழியிலேயே யார் யாருக்கு வயல் வேலை என்று கேட்டு, முறை வைத்து லீவு கொடுங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு வேலை பழக்கிவிடுங்கள். காலர் தைப்பவர் வராவிட்டால் வரிசை முழுவதும் நிற்பதுதான் உங்கள் பெரிய நஷ்டம். இருப்பவர்களைக் கூடுதல் நேரம் இருக்கச் சொன்னால் அதற்கு இரட்டைக் கூலி, சட்டம் அப்படித்தான்.

மாதக் கடைசிக் கவனக்குறைவுக்குக் கடன் கவலை காரணமாக இருக்கலாம். ஒடிசாவில் இலைத்தட்டு செய்யும் தொழிலாளர்களுக்குக் கூலியில் ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தக் கூலி அதே, ஆனால் வேகம் கூடியது, தவறும் குறைந்தது. நீங்கள் மாதச் சம்பளத்தை வாரச் சம்பளமாக மாற்றிப் பாருங்கள். கடன் குழுவின் கூட்டம் சனிக்கிழமை என்றால் பணம் வெள்ளிக்கிழமையே கையில் இருக்கட்டும், குழுக் கடன் தவணை நாளையும் கேட்டுவைத்துக்கொண்டு சம்பள நாளைக் குறியுங்கள்.