நெடுநாள் ஆறாத கோபத்தை ஆங்கிலத்தில் எழுத ‘டீப் ஆங்கர்’ போதுமா?

‘டீப் ஆங்கர்’ பிழையில்லை, படிப்பவருக்குப் புரியவும் செய்யும். ஆனால் ‘ஆங்கர்’ என்றதும் பெரும்பாலும் சட்டென்று மூண்டு அடங்குகிற கோபமே நினைவுக்கு வருகிறது. ஆண்டுக்கணக்கில் மனத்தில் தங்கிவிட்டதைச் சொல்ல ‘ரிசென்ட்மென்ட்’, ‘கிரட்ஜ்’ ஆகிய இரண்டும்தான் முதலில் கைகொடுக்கும். பிரெஞ்சிலிருந்து வந்த ‘ரிசென்ட்மென்ட்’ என்பதன் வேரிலேயே ‘திரும்ப உணர்தல்’ என்ற பொருள் இருக்கிறது. நடந்து முடிந்ததை மனம் மறுபடி மறுபடி பட்டு அனுபவிப்பதை இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது என்பது என் எண்ணம்.

இவற்றோடு எந்த வினையைச் சேர்க்கிறோம் என்பதில்தான் நாம் அதிகம் தடுமாறுகிறோம். ‘பேர் எ கிரட்ஜ்’, ‘ஹோல்ட் எ கிரட்ஜ்’ என்றால் வஞ்சத்தை மனத்தில் வைத்திருக்கிறார் என்ற அளவில் நின்றுவிடும். ‘நர்ஸ் எ கிரட்ஜ்’ என்றாலோ, அதைப் பாலூட்டி வளர்ப்பதுபோல் அவரே பேணி வளர்க்கிறார் என்ற குறை அதில் ஏறிவிடுவதால், நீங்கள் யார் பக்கம் நின்று எழுதுகிறீர்களோ அவருக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள். வெளியே காட்டாமல் உள்ளே இடம் கொடுத்து வைத்திருப்பதற்கு ‘ஹார்பர் ரிசென்ட்மென்ட்’ பொருந்தும். தமிழில் ‘அவர் மேல்’ என்று சொல்லிப் பழகியதால் ‘கிரட்ஜ் ஆன் ஹிம்’ என்று எழுதிவிடுகிறோம்; ‘அகெய்ன்ஸ்ட் ஹிம்’ என்பதே சரி.

அடைமொழிகளில் அடுப்பும் நெருப்பும் நிறைய உண்டு. கொதி வருவதற்குச் சற்று முன் நிற்கும் சூடு ‘சிம்மரிங்’. நம் நீறுபூத்த நெருப்புக்கு மிக அருகில் வருவது ‘ஸ்மோல்டரிங்’. கோபத்தால் உள்ளே கொதிப்பதைச் சொல்லும் ‘சீதிங் வித் ஆங்கர்’ என்பதில் உள்ள ‘சீத்’ முற்காலத்தில் வேகவைப்பதைக் குறித்த சொல். 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலிலே சமைக்க வேண்டாம் என்னும் கட்டளையில் அது அந்தப் பொருளிலேயே வருகிறது. சொல்ல வழியின்றித் தேக்கி வைத்த கோபத்துக்குப் ‘பென்ட் அப் ஆங்கர்’ என்று எழுதலாம்.

இவை எதுவும் பொருந்தாத ஓர் இடத்தில் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். பெரியப்பா மகளின் திருமணத்தில் என் அத்தை கொண்டுபோன சீர்த்தட்டை யாரும் சபையில் வைத்து வாங்கவில்லை. தேங்காயும் வெற்றிலையும் அரக்கு நிறப் பட்டும் வைத்தது வைத்தபடி சமையற்கட்டு வாசலில் கிடந்தன. அதன்பின் அத்தை அந்த வீட்டுப் படி ஏறவில்லை. பல ஆண்டுகள் கழித்து, கனடாவில் வளர்ந்த பெரியப்பா மகன், அத்தை ஏன் தங்கள் வீட்டுக்கு வருவதில்லை என்று கேட்டு ஆங்கிலத்தில் எழுதியபோது, பதில் எழுதித்தரச் சொல்லி அத்தை என்னிடம் வந்தார். ‘கிரட்ஜ்’ என்று எழுதி, அதன் பொருளைச் சொன்னேன்.

“வஞ்சமெல்லாம் இல்லப்பா. கோபம் அன்னிக்கே போயிடுச்சு. அந்தத் தட்டு மட்டும் கண்ணுலயே நிக்குது” என்றார்.

அப்போதுதான் ‘ராங்கிள்’ என்ற வினை நினைவுக்கு வந்தது. சிறு பாம்பைக் குறித்த லத்தீன் சொல் ஒன்று, பழைய பிரெஞ்சில் சீழ்ப்புண்ணைக் குறிக்கும் சொல்லாக மாறி, அதிலிருந்து பிறந்த வினை இது. இதில் எழுவாயாக வருவது பெரும்பாலும் அந்த மனிதர் அல்லர். அவரைப் புண்படுத்திய நிகழ்ச்சி. ஆகவே அத்தையைக் கோபக்காரியாக்காமலே ‘இட் ஸ்டில் ராங்கிள்ஸ்’ என்று எழுத முடிந்தது. அது இன்னும் உள்ளே உறுத்திக்கொண்டிருக்கிறது என்று பொருள் சொன்னேன். அத்தை சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “தட்டுன்னும் போடு, அவனுக்குத் தெரியணும்” என்றார். ‘இட்’ என்பதை அடித்துவிட்டுத் தட்டை எழுதினேன்.