பேணிக்குள் கிடக்கும் ஓடுகள்

அன்புள்ள ஐயா,
உயர்தரத்தில் கலைப்பிரிவில் சித்தியடைந்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கிறேன். தொல்லியலைச் சிறப்புப் பாடமாக எடுப்பதா, கலை வரலாற்றை எடுப்பதா? வேலை கிடைக்காது என்று அம்மா அழுகிறார். கந்தரோடையில் அம்மம்மாவின் வளவில் நானே கிண்டி எடுத்த பழைய மட்பாண்ட ஓடுகள் ஒரு பிஸ்கற் பேணி நிறைய இருக்கின்றன. என் ஆர்வத்துக்கு அவையே சாட்சி.

அன்புள்ள தம்பி,

வளவுகளில் கிண்டிய ஓடுகளை முகநூலில் படமாகப் போட்டுப் பெருமைப்படுவோரைப் பற்றி எழுத நினைத்திருந்த வேளையில் உமது கடிதம் வந்தது. இந்த வயதில் ஓட்டுத் துண்டொன்றைக் குனிந்து எடுத்துப் பார்க்கும் கண் உமக்கு இருப்பது எனக்கு எவ்வளவோ மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பேணி உமது ஆர்வத்துக்குச் சாட்சியன்று. நீர் செய்த அழிவுக்குச் சாட்சி.

அம்மாவிடம், கலைப்பட்டம் எதை எடுத்தாலும் போட்டிப் பரீட்சை காத்திருக்கிறது என்று சொல்லும். அதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை.

உமது பேணியில் மெல்லிய சாம்பல் நிறத் தட்டொன்றின் அடிப்பாகம் இருக்கக்கூடும். உட்புறத்தில் நுண்ணிய கீறல்கள் வட்டம் வட்டமாக ஓடியிருக்கும். ரௌலட்டட் மட்பாண்டம் என்பது அதுதான். 1945இல் புதுச்சேரிக்கு அருகேயுள்ள பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் ஆங்கிலேயத் தொல்லியலாளர் வீலர் அதற்குக் காலம் கணித்தது, ஓட்டின் அழகைப் பார்த்தல்ல. காலம் தெரிந்த இத்தாலியச் செம்மட்பாண்டம் அங்கே எந்த மண்ணடுக்கில் கிடந்தது, இது எதில் கிடந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்துத்தான். 1970இல் உமது கந்தரோடையில் அகழ்ந்த தொல்லியலாளர் விமலா பெக்லி, பின்னர் 1989 முதல் 1992 வரை அரிக்கமேட்டை மீண்டும் அகழ்ந்தார். அந்த மட்பாண்டத்தின் தொடக்கம் வீலர் சொன்னதைவிட முந்தியது என்று வாதிட்டார். அடுக்குகள் பதிவாகியிருந்தபடியால்தான் பழைய கணிப்போடு மோத ஓர் இடமாவது இருந்தது. உமது ஓடுகளோடு யார் எதை வைத்து மோதுவது? எந்த ஆழம், பக்கத்தில் என்ன கிடந்தது, சாம்பலா, எலும்பா, கறுப்பும் சிவப்புமான மட்பாண்டமா என்று கேட்டால் உம்மிடம் பதில் உண்டா?

1980இல் யாழ்ப்பாணத்துக்கு அருகே ஆனைக்கோட்டையில் யாழ். பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த சின்னஞ்சிறு முத்திரையை எண்ணிப் பாரும். அதில் குறியீடுகளும் கீழே பிராமி என்னும் பண்டைய எழுத்துகளும் இருக்கின்றன. பெருங்கற்கால மக்கள் இறந்தவரைப் புதைத்த குழியில், எலும்புக்கூட்டோடு சேர்ந்து கிடந்ததனால் அதற்கு அத்தனை மதிப்பு. உம்மைப்போல் ஒருவர் மண்வெட்டியோடு முந்தியிருந்தால், இன்று அது யாரோ ஒருவரின் மேசையில் கிடக்கும் வெறும் துண்டு. அனுமதியின்றித் தோண்டுவதைத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1940இலிருந்தே தடுக்கிறது என்பதையும் அறிந்துகொள்ளும். நான் கோபப்படுவது சட்டத்துக்காக அன்று.

எதைத் தெரிவு செய்வது என்று கேட்டீர். கந்தரோடையின் முருகைக்கல் தாதுகோபங்களை, அதாவது பௌத்தத் தூபிகளைப் பார்க்கக் கலை வரலாற்றுக் கண்ணும் வேண்டும், ஆகவே முதலாண்டில் இரண்டையும் தொட்டுப் பாரும்; அவசரமில்லை. அவசரமானது வேறு. எஞ்சிய வளவில் கை வைக்காதீர். எந்த மூலையில், ஏறத்தாழ எந்த ஆழத்தில் கிண்டினீர் என்று நினைவில் உள்ளதை இன்றைக்கே எழுதி, பேணியோடு தொல்லியல் ஆசிரியர் ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடும். ஏசுவார், கேட்டுக்கொண்டு இரும்.