ஸ்டீம்பங்க் ரசிகர்களால பழைய நீராவி இன்ஜின் மியூசியங்களுக்கு என்ன லாபம்?

ஸ்டீம்பங்க்னா 19ம் நூற்றாண்டு நீராவி காலத்தயும் கற்பனை மெஷினுங்களயும் கலக்குற ஒரு பாணி. அதோட ரசிகருங்கள வேஷம் போட்டு செல்ஃபி எடுக்கிற கூட்டம்தானேன்னு ஈசியா ஒதுக்கிடலாம், ஆனா நியூசிலாந்துல ஓமரூன்னு ஒரு சின்ன ஊரு, அத பாத்தா அப்படி சொல்ல மனசு வராது. விக்டோரியா காலத்து சுண்ணாம்புக்கல் கட்டடங்க, துறைமுகம் பக்கம் ஆர்வலருங்களே ஓட்டுற பழைய ரயில், இதெல்லாம் ஏற்கனவே இருந்துச்சு, 2011ல 1883ம் வருஷத்து தானியக் கட்டடம் ஒண்ணுல ஸ்டீம்பங்க் ஹெச்.கியூ.ன்னு ஒரு கண்காட்சிக் கூடம் தொறந்தாங்க. வாசல்லயே ஒரு ரயில் இன்ஜின், 2 டாலர் காசு போட்டா புகைவிட்டு நெருப்ப கக்கும். 2016ல அந்த ஊர்ல வேஷத்தோட கூடின 228 பேர் கின்னஸ்லயே ஏறிட்டாங்க!

ரயில் பிரியர்னா இன்ஜின் நம்பர், எந்த ஒர்க்‌ஷாப்னு கேப்பாரு. ஸ்டீம்பங்க் ரசிகருங்க கண்ணு பித்தளை பைப்லயும் ரிவெட் வரிசையிலயும் பிரஷர் கேஜ் முள்ளு துடிக்கிறதுலயும்தான் நிக்கும். சில பேரு லேத்து புடிக்கத் தெரிஞ்ச ஆளுங்க, ரிப்பேருக்கு கை குடுத்தா மியூசியத்துக்கு டிக்கெட் காசவிட அதுதான் பெரிசு. என்ன ஒண்ணு, தரைய கூட்டுற பாவாடையோட ஃப்ளைவீல்ங்கிற சுத்துற பெரிய சக்கரத்துக்கிட்ட போகாம கயிறு கட்டி வைக்கணும்.