மறு: சேமிப்பு முழுவதையும் போட்டு முதல் வீடு வாங்கலாமா?

வணக்கம். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிட்டார், இருக்கும் சேமிப்பு மொத்தத்தையும் முன்பணமாகக் கட்டினால் மாதத் தவணை வாடகை அளவுக்கே வரும், வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்கலாம். ஆனால் கையிருப்பை வழித்துத் துடைத்துப் போடாதீர்கள். பதிவுச் செலவு, வழக்கறிஞர், காப்பீடு, சாமான் ஏற்றி இறக்குவது என்று விலைக்கு மேல் ஒரு வரிசையே நிற்கும். குடிபோகும்வரை வாடகையும் தவணையும் சேர்ந்து ஓடும் மாதங்களைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. அப்புறம், குழாய் ஒழுகினால் வீட்டுக்காரருக்கு போன் போட முடியாது, நீங்கள்தான் வீட்டுக்காரர்! ஆறு மாதச் செலவுக்கான பணத்தை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் எவ்வளவு முன்பணம் தேறுகிறது என்று பாருங்கள்.

வாடகையையும் தவணையையும் நேருக்கு நேர் ஒப்பிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. 8 சதவீத வட்டியில் 20 வருடக் கடன் என்றால், முதல் தவணையில் ஏறக்குறைய 80 சதவீதம் வட்டிக்கே போய்விடும். அசல் மெதுவாகத்தான் கரையும். இரண்டு மூன்று வருடத்தில் ஊர் மாற வாய்ப்பிருந்தால் வாடகையே மேல்.

வட்டி மாறும் கடன் என்றால் இன்னொன்று. ஆரம்பத்திலேயே வட்டி 10 சதவீதமானால் தவணை சுமார் 15 சதவீதம் கூடும். அப்படிக் கூடிய முழுத் தவணைக்கும் இப்போதைய வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சில மாதம் தனிக் கணக்கில் போட்டுப் பாருங்கள். திணறினால் இன்னும் சின்ன வீடாகத் தேடுங்கள்.

வீட்டுப் பத்திரத்தைச் சரிபார்க்க, விற்பவர் கைகாட்டும் வழக்கறிஞரிடம் கொடுக்காமல், நீங்களே ஒருவரைப் பிடித்துக் காட்டுங்கள்.