எங்கள் கலைக்கூடத்தில் இதுவரை நடந்த கண்காட்சிகளை எப்படி ஆவணப்படுத்துவது? எதை முதலில் ஸ்கான் செய்வது?

நீங்கள் கேள்வியில் தந்த விவரம் இதுதான்: முல்லைத்தீவுப் பக்கம் ஒரு சிறிய கலைக்கூடம், போர் முடிந்த பிறகு தொடங்கியது. ஓவியம், புகைப்படம், நிறுவல் (பொருள்களை ஒரு இடத்தில் அடுக்கிச் செய்யும் படைப்பு) என்று கண்காட்சிகள் பல நடந்திருக்கின்றன. ஒரு அலுமாரி நிறையக் கடதாசி இருக்கிறது, ஸ்கானர் வாங்கக் காசும் கிடைத்திருக்கிறது. கிளிநொச்சியில் இதே வேலையைச் செய்த ஒரு கலைக்கூடத்தோடு நானும் நின்றவள் என்பதால் எழுதுகிறேன். ஸ்கானர் இப்போதைக்கு இருக்கட்டும். முதலில் கண்காட்சிகளின் பட்டியலைப் போடுங்கள்.

ஒரு கண்காட்சிக்கு ஒரு வரி. தலைப்பு, தொடங்கிய நாள், முடிந்த நாள், இடம், பங்குபற்றிய கலைஞர்கள், ஒழுங்கு செய்தவர், அவ்வளவு போதும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண் கொடுங்கள்; 2014 இல் நடந்த மூன்றாவது கண்காட்சி என்றால் 2014-03. இனிக் கைக்கு வரும் அழைப்பிதழ், படம், பத்திரிகைத் துண்டு எல்லாவற்றின் கோப்புப் பெயரும் அந்த எண்ணில்தான் தொடங்க வேண்டும். பட்டியல் இல்லாமல் அலுமாரியின் மேல்தட்டிலிருந்து ஸ்கான் செய்துகொண்டு போனால், கடைசியில் கணினி நிறையப் படங்கள் இருக்கும், எது எந்தக் கண்காட்சிக்கு உரியது என்று சொல்ல ஆள் இருக்காது. பெரிய இடங்களும் இப்படித்தான் செய்கின்றன. நியூயோர்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 1929 முதலான தன் கண்காட்சி வரலாற்றை 2016 இல் இணையத்தில் திறந்தது. அங்கே ஒவ்வொரு கண்காட்சிக்கும் ஒரு பக்கம். படைப்புப் பட்டியல், ஊடக அறிக்கை, சுவரில் தொங்கிய நிலையில் எடுத்த படங்கள் எல்லாம் அதற்குக் கீழேதான் வருகின்றன.

பட்டியலில் ஓட்டைகள் இருக்கும். நாள் தெரியாத கண்காட்சிக்கு உதயன், வலம்புரி போன்ற பத்திரிகைகளின் பழைய இதழ்களைப் பாருங்கள். 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் ஈழத்து இதழ்களும் பத்திரிகைகளும் நிறைய ஏறியிருக்கின்றன. அழைப்பிதழில் இருக்கும் நாளை மட்டும் நம்ப வேண்டாம், மழைக்குத் தள்ளிப்போன திறப்பு விழாக்கள் எங்கள் பக்கம் அதிகம்.

அடுத்தது ஆட்கள். 1996 இலும் 2008 இன் கடைசியிலும் ஊரோடு இடம்பெயர்ந்தது கிளிநொச்சி. காணி உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் பைக்குள் வைத்துக்கொண்டு ஓடிய சனம் அழைப்பிதழைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. அதனால் 2009 க்கு முன், உங்கள் கலைக்கூடம் தொடங்க முன், இந்தப் பக்கம் நடந்த கண்காட்சிகளைப் பற்றிக் கேட்கப்போனால் கடதாசியைத் தேடாதீர்கள், கதையைக் கேட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். பிந்திய காலத்துக்குப் படங்கள் இருக்கின்றன, ஆனால் அவை அலுமாரியில் இல்லை. பார்க்க வந்தவர்களின் போனிலும், ஸ்டூடியோக்காரரின் பழைய ஹார்ட் டிஸ்க்கிலும், கனடாவுக்குப் போய்விட்ட கலைஞரின் மின்னஞ்சலிலும் கிடக்கின்றன. கேட்டுப் பாருங்கள், தருவார்கள். ஒன்றை மட்டும் சொல்லிக் கேளுங்கள்: வட்ஸ்அப்பில் சும்மா படமாக அனுப்ப வேண்டாம், ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் அளவும் சுருங்கும், எடுத்த நாள் நேரமும் கோப்பிலிருந்து போய்விடும்.

எங்களுக்கு அதிகம் உதவியவர் லைட் போட்ட அண்ணைதான். கலைஞர்களிடம் கேட்டால் தங்கள் தங்கள் படத்தைப் பற்றிச் சொன்னார்கள். அவரிடம் மண்டபத்தின் வரைபடத்தைக் கொடுத்து, எந்த மூலைக்கு வயர் எட்டாமல் இழுத்தீர்கள், எந்தச் சுவரில் ஆணி இறங்கவில்லை என்று கேட்டபோது, அங்கே எந்தப் படம் இருந்தது, பக்கத்தில் எது இருந்தது என்பதெல்லாம் தானாக வந்தது. கண்காட்சி கழற்றிய அன்றே போய்விடுவது இந்த ஒழுங்குதான். ஓவியம் யாரோ வீட்டுச் சுவரில் இருக்கும்; வாசலால் நுழைந்ததும் எது கண்ணில் பட்டது, எதைப் பார்த்த பிறகு எதைப் பார்த்தோம் என்பது எங்கும் இருக்காது. 2004 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் நடந்த ‘அகம் புறம்’ கண்காட்சியில் ஓவியர் சனாதனன், வீடுகளிலிருந்து திரட்டிய பொருள்களைக் கொண்டே ஒரு நிறுவலைச் செய்தார். 1981 இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்த கட்டிடம் அது. அந்தப் பொருள்களை வேறொரு மண்டபத்தில் வைத்தால் அது வேறொரு படைப்பு. ஆகவே வரைபடம் கட்டாயம். கையால் கீறினாலும் போதும்.

பார்க்க வந்தவர்கள் எழுதிவிட்டுப் போகும் கருத்துக் கொப்பிகளை வீசிவிடாதீர்கள். பலர் அதை ஒரு சம்பிரதாயம் என்று நினைக்கிறார்கள், எனக்கோ முழு ஆவணத்திலும் பெறுமதியானது அதுதான். நாங்கள் பிரித்த ஒரு கொப்பியில், ‘மிகவும் நன்று’ என்று பாடசாலைப் பிள்ளைகள் எழுதிய பக்கங்களுக்கு நடுவே ஒரு அம்மா தன் மகனின் முழுப்பெயர், பிறந்த திகதி, கடைசியாகக் கண்ட இடம் எல்லாம் எழுதி, கீழே கையெழுத்தும் வைத்து, அடையாள அட்டை இலக்கமும் போட்டிருந்தார். படங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. எத்தனையோ அலுவலகங்களில் கொடுத்த அதே விவரத்தை இங்கேயும் பதிந்துவிட்டுப் போயிருக்கிறார். இப்படியான பக்கத்தை முழுத் தரத்தில் பாதுகாக்க வேண்டும், இணையத்தில் போடக்கூடாது. பட்டியலிலேயே ஒரு நிரலைச் சேர்த்து, எல்லோருக்கும் திறந்தது, கேட்டு வருபவருக்கு மட்டும், இப்போதைக்கு மூடியது என்று ஒவ்வொன்றுக்கும் குறியுங்கள். படைப்புகளின் படங்களைப் போடவும் அனுமதி வேண்டும். இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டப்படி, கலைஞர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை அவருடைய பக்கம்தான் இருக்கும். படம் எடுத்தவருக்கும் தனி உரிமை உண்டு.

பழைய கணினிக் கோப்புகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சுவர்க் குறிப்புகளையும் அழைப்பிதழ்களையும் அந்த நாளில் பாமினி எழுத்துருவில்தான் அடித்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழாகத் தெரியாது. ஆங்கில எழுத்துகள்தான் வரும், மெய்யெழுத்தின் புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி நிற்கும். பழுதான கோப்பு என்று நினைத்து அழித்துவிடுவார்கள். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடுக்கு மாற்றி, ஒருமுறை வாசித்துத் திருத்தி, மூலக் கோப்பையும் பக்கத்தில் வையுங்கள்.

சரி, இனி ஸ்கானர். எழுத்துத் தாளுக்கு 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு), புகைப்படத்துக்கு 600. மூலத்தைத் தரம் குறையாத டிஃப் கோப்பாகச் சேமித்து, பார்ப்பதற்குச் சிறிய ஜேபெக் பிரதி எடுங்கள். ஏ4 தாள் ஒன்று வண்ணத்தில் 300 இல் கிட்டத்தட்ட 25 மெகாபைட் வரும், அதற்கேற்ற ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். ஸ்கான் செய்ய முன் ஸ்டேப்ளர் கம்பிகளைக் கழற்றுங்கள், மாரியின் ஈரத்துக்குத் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். செல்லோடேப் ஒட்டவே வேண்டாம். லாமினேட் செய்தால் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அதைத் திரும்பக் கழற்ற முடியாது. பத்திரிகைத் துண்டுகள் மஞ்சளாகி உடைந்துபோகும், தள்ளி வைக்காமல் அவற்றை முதலில் ஸ்கான் செய்யுங்கள். பெட்டிகளை நிலத்தில் வைக்காமல் சுவரிலிருந்து தள்ளி இரும்பு ராக்கையில் வையுங்கள். கறையான் சுவரோரமாகத்தான் ஏறும்.

இனி நடக்கப்போகும் கண்காட்சிகளுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. திறப்பதற்கு முதல் நாள் மாலை, சனம் வர முன், ஒவ்வொரு சுவரையும் முழுதாக ஒரு படம், மூலைக்கு மூலை ஒரு படம், பிறகு தனித்தனியே. படைப்புப் பட்டியலில் ஊடகம், சென்டிமீட்டரில் அளவு, ஆண்டு, இப்போது யாரிடம் இருக்கிறது என்பதையும் அன்றே எழுதிவிடுங்கள்.

பிரதிகள் மூன்று வேண்டும். ஒன்று கலைக்கூடத்தில், ஒன்று முன்பு சொன்ன ‘நூலகம்’ போன்ற ஒரு ஆவண நிறுவனத்தில், ஒன்று நாட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரின் கையில். வருடத்தில் ஒருமுறை, ஐப்பசி மழை தொடங்க முன், மூன்றையும் திறந்து கோப்புகள் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். பட்டியலை மட்டும் தாளிலும் அச்சடித்து வையுங்கள், அதைத் திறக்கக் கரண்ட் தேவையில்லை.